உத்திராடம் என்று சொல்லிப் பழகியவள்

1

நான் எந்த நாளில் பிறந்தேன் என்று கேட்டு நார்வேயின் ஓய்வூதிய அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. மரியாதையான கடிதம்தான். என் பாஸ்போர்ட்டில் ஒரு தேதி இருக்கிறதாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் எனக்காகப் பூர்த்தி செய்த குடியேற்றப் படிவத்தில் வேறொரு தேதி இருக்கிறதாம். இரண்டில் எது சரி என்று தெரிந்துகொள்ள, பிறந்த ஊரின் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். யார் என்று ஒரு வாரம் யோசித்தேன். என் கணவர் சேகர் சிரித்தார். "கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருக்கும் கோமதி. உன்னைப் போட்டுக்கொடுக்க யாருக்கு நேரம் இருக்கு?" என்றார். அவருக்கு எல்லாமே லேசு.

உண்மை என்னவென்றால் இரண்டுமே சரியில்லை. எனக்கு மூன்று பிறந்த நாள்கள். ஜூன் ஒன்றாம் தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டது. அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தோம். இரண்டாவது, என் கல்யாண ஜாதகத்தில் இருக்கும் தேதி. அது ஒரு வியாழக்கிழமை. மூன்றாவது, நான் நிஜமாகவே பிறந்த நாள். அது அதே வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அந்த இரண்டு நாள் வித்தியாசத்தைத்தான் நான் முப்பத்து மூன்று வருஷமாக மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

அதே வாரம் பார்த்து, என் மகன் அருணுடன் வசிக்கும் பெண் இங்கா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது போனை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்கள் பிறந்த நாள், நேரம், ஊர் சொல்லுங்கள். உங்கள் நட்சத்திரங்களைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றாள். வெள்ளைக்காரப் பெண், கபடம் இல்லாதவள், விளையாட்டாகக் கேட்டாள். எனக்கு ரசத்தைக் கரண்டியோடு கீழே போட்டுவிடலாம் போல ஆகிவிட்டது.

"வியாழக்கிழமை" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

2

ஊரில் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் யாராவது எழுத்துக்கூட்டிப் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அன்று மூலம். புதன் பூராடம். வியாழன் உத்திராடம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். மூல நட்சத்திரத்துப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு ஆகாது. பெண்களுக்கென்றே இப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. ஆண்களுக்கு இந்த மாதிரி ஒன்றும் கிடையாது பாருங்கள். எழுதியவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

ஏழு வருஷம் எனக்கு வரன் வந்து வந்து போயிற்று. என் அப்பா கணக்கு வாத்தியார், தப்பான விடைக்கு அரை மார்க்கூடப் போடாதவர். அவரே ஒரு நாள் புதிதாக எழுதிய ஜாதகத்தோடு வந்து, என்னை உட்கார வைத்து, "இனிமே உன் நட்சத்திரம் உத்திராடம், மகர ராசி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வரணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சரி என்றேன்.

மன்னார்குடியில் கல்யாணம் நடந்தது. பதினோராம் மாதம், நடவு நடந்துகொண்டிருந்த வயலின் வரப்பில் என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. தங்கமான மனிதர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், "பாப்பா" என்பார்.

காரியம் முடிந்து நாலு மாதத்தில் சேகருக்கு வேலை கிடைத்து நாங்கள் நார்வேயின் பெர்கனுக்கு வந்துவிட்டோம். கிளம்பும் நாள் வாசலில் என் மாமியார் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, ஆசீர்வாதமாகவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அன்று தொடங்கிய கேள்வி அது.

அதன்பிறகு சந்தேகம் என் குணமாகவே ஆகிப்போனது. இந்த ஊர்க்காரர்கள் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் தூங்கவைத்து, காபிக் கடைக்கு வெளியே தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே போய் அரட்டை அடிப்பார்கள். வந்த புதிதில் ஒரு நாள், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு முக்கால் மணி நேரம் காவல் நின்றேன், தூறலில் நனைந்துகொண்டே. தாய்க்காரி வெளியே வந்து என்னைப் பார்த்து மிரண்டாள். குழந்தை திருட வந்தவள் நான்தான் என்று நினைத்துவிட்டாள். இந்தப் பக்கம் வந்து இத்தனை வருஷத்தில் ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை மாதம் ஒரு முறை போன் செய்வார். ஒன்றாம் தேதி, முதல் ஞாயிறு என்று ஒழுங்கு கிடையாது. ஒரு மாதம் ஐந்தாம் தேதி, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, அதற்கடுத்து மாதக் கடைசி. எதிர்பாராத நேரத்தில் கூப்பிட்டு என்னைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பேசுவது ஒன்றும் பெரிதாக இருக்காது.

"உடம்பு சௌக்கியமா? தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?"

"குளிச்சேன் அத்தை."

"சரி. வச்சிடுறேன்."

இதற்கு ஒரு போனா? என்ன வேவு பார்க்கிறார்? அருண் சின்னப் பையனாக இருந்தபோது போனைப் பிடுங்கி, "பாட்டி, நீ இன்னும் இருக்கியா?" என்று கேட்பான். இங்கே நலம் விசாரிக்கிற பேச்சை அவன் அப்படித் தமிழாக்கி வைத்திருந்தான். "இருக்கேன்டா, எங்க போறது" என்று அத்தை சிரிப்பார். என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

3

ஆடி மாதத் தொடக்கத்தில் தனியாகக் கிளம்பிப் போனேன். சேகருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பதிவேட்டு நகல் கையில் கிடைத்துவிட்டால் அதிலே அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி இருக்கும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் ஐந்து நிமிஷ வேலை. யார் கண்ணிலும் படாமல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை, நான் பிறந்த மன்னார்குடியின் நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தவர் என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பழைய ரிஜிஸ்டருங்க. ரெக்கார்டு ரூம்ல தேடணும். வியாழக்கிழமை மத்தியானம் வாங்க."

"தேடிப் பார்த்துட்டு இன்னிக்கே சொல்ல முடியாதுங்களா?"

"அந்த வருஷத்துல பொறந்தவங்க யாரும் இப்ப வந்து கேக்குறதில்லம்மா. தூசு தட்டணும்ல?"

வேண்டுமென்றே இழுக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். கேட்டபோது பிறந்த கிழமையைக்கூட நான் சொல்லவில்லை.

வீட்டில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. காது கூர்மை, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். முட்டி மட்டும்தான் விட்டுவிட்டது.

"என்ன பேப்பர் வாங்க வந்திருக்க, முனிசிபாலிட்டிலேருந்து?"

"பென்ஷனுக்கு ஏதோ கேக்குறாங்க அத்தை."

"பொறந்த சர்டிபிகேட்டா?"

பார்த்தீர்களா? எப்படிக் குறி வைத்துக் கேட்கிறார். "அது மாதிரி ஏதோ" என்று மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். வியாழக்கிழமை வரை மூன்று நாள் இந்தக் கண்ணுக்கு முன்னால் நடமாட என்னால் ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை, கடைக்குப் போய்வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் வண்டி நின்றது. ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். இதுதான் என் தலயாத்திரையின் திட்டம் முழுவதும். அறுபத்தொரு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரிடமும் கேட்காமல், யாரும் கூட வராமல் ஒரு ஊருக்குப் போகிறேன். நீடாமங்கலம் தாண்டியதும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"கும்பகோணம் பக்கம் ரெண்டு கோயில் பாத்துட்டு வியாழக்கிழமை வந்துடுறேன் அத்தை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எந்தக் கோயில்?"

"இன்னும் யோசிக்கல."

"சரி, பத்திரம்" என்று வைத்துவிட்டார். எதற்கு அந்தக் கொஞ்ச நேரம் என்று வலங்கைமான் வரை யோசித்தேன். இரு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குறுவை பச்சை கட்டி நின்றது. நான் அதையெல்லாம் பார்த்தேன் என்று சொன்னால் பொய்.

4

தனியாக வரும் பெண்ணைக் கும்பகோணத்து லாட்ஜ் சந்தேகப்படும். லாட்ஜை அந்தப் பெண் சந்தேகப்படுவாள். நாங்கள் சரிக்குச் சரியாக இருந்தோம்.

"சார் பின்னாடி வராங்களா?" என்றார் மேஜையில் இருந்தவர்.

"சார் வரல."

"ரிலேட்டிவ்ஸ் யாராவது?"

"யாரும் வரல. நான் ஒருத்திதான். சாமி கும்பிட வந்திருக்கேன்."

பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃபாரின் பாஸ்போர்ட்டுன்னா தனி ஃபார்ம் போடணும்ங்க. போலீசுக்கு அனுப்பணும். தமிழ் நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?"

"மன்னார்குடியில" என்றேன். அவர் நம்பவில்லை. அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட்டு, கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

முதல் கோயில் சுவாமிமலை. அறுபது படிகள், அறுபது தமிழ் வருஷங்களின் பெயரில். நான் பிறந்த வருஷத்துப் படியில் கொஞ்சம் நின்றேன். அப்பா நாளைத்தான் மாற்றினார், வருஷத்தை விட்டுவைத்தார். மேலே அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் வழக்கமான கேள்வி வந்தது. பேரு? ராசி? நட்சத்திரம்?

"கோமதி. மகர ராசி, உத்திராடம்."

சொல்லிவிட்டு, குருக்கள் உள்ளே போனபிறகுதான் உறைத்தது. இங்கே யாருக்கு என்னைத் தெரியும்? மன்னார்குடியில் அத்தை பக்கத்தில் நிற்பார். உத்திராடம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்ப்பார். பெர்கனில் ஈழத்தமிழர்கள் நடத்தும் சின்னக் கோயிலில் சேகர் பக்கத்தில் நிற்பார். இங்கே யார் நிற்கிறார்கள்? எவருக்கோ அர்ச்சனை நடக்கிறது உள்ளே. உத்திராடத்தில் பிறந்த எந்தக் கோமதிக்கோ. நான் தட்டை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

நாலு மணிக்கு நடை திறந்ததும் திருவிடைமருதூர். வாசலில் பூ விற்ற அம்மாவிடம் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். சன்னிதியில் குருக்கள் கேட்டார். நான் அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"கோமதி. தனுசு ராசி." தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். "மூலம்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோபுரம் இடிந்து விழவில்லை. "தனுர் ராசி, மூல நக்ஷத்திரே" என்று ராகமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றாக அழுதேன். பக்கத்தில் நின்ற ஒருவர் விபூதி மடிக்கக் காகிதம் கொடுத்தார். நான் அதில் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

திரும்பும்போது அவர்தான் தடுத்தார். "வந்த வாசல் வழியா போகக்கூடாதும்மா. தோஷம் அங்கயே காத்துக்கிட்டு நிக்கும். மறுபடி புடிச்சுக்கும். அந்த வாசல் வழியா போங்க."

"என் செருப்பு அங்க இருக்கே?"

"செருப்பா முக்கியம்?"

செருப்புத் திருடுகிறவர்கள் கட்டிவிட்ட கதை இது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இருந்தாலும் வேறு வாசல் வழியாகவே வெளியே வந்து, கொதிக்கிற தெருவில் குதித்துக் குதித்து மதிலைச் சுற்றி நடந்தேன். பூக்கார அம்மா என் செருப்பை ஒரு பையில் போட்டுக் கட்டி எனக்காக வைத்திருந்தார்.

"கையில எடுத்துட்டுப் போயி அந்தப் பக்கம் விட்டிருக்கலாம்ல? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்று திட்டினார். செருப்பு மாறவில்லை, இரண்டும் என்னுடையதுதான். பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் முழுக்கக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். திருநாகேஸ்வரத்தில் மூலம் என்றேன். ஒப்பிலியப்பனிடம் மூலம் என்றேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரிடம், அவர் கேட்காமலேயே, "நான் மூல நட்சத்திரம்" என்றேன். "நல்லதும்மா" என்றார் அவர், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

5

வியாழக்கிழமை காலை மன்னார்குடி பஸ் பிதுங்கி வழிந்தது. குரு பகவானுக்கு உகந்த நாள். ஆலங்குடி நிறுத்தத்தில் வண்டியில் இருந்த பாதிப்பேர் இறங்கினார்கள். தனுசு ராசிக்கு அதிபதி குரு. இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு மன்னார்குடிக்குப் போய்விடலாம் என்று நானும் இறங்கினேன்.

வரிசையில் நகர்ந்து சன்னிதிக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. மஞ்சள் துணி, கொண்டைக்கடலை மாலை, நெய் விளக்குப் புகை. குருக்களுக்கு நாற்பது வயது இருக்கும். வேகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பேர் சொல்லுங்கோ."

"கோமதி. தனுசு, மூலம்."

தட்டை வாங்கிய கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோமதி, மூலம். மன்னார்குடியா?"

லாட்ஜ்காரன்! பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறான். அல்லது அந்தக் கொடிக்கால்காரர்.

"இல்லீங்க. தஞ்சாவூர்" என்றேன்.

"அப்படியா. ஒண்ணுமில்லை, மன்னார்குடியிலேர்ந்து ஒரு அம்மா, எங்கப்பா நாள்லேர்ந்து வருவா. மாசாமாசம் மூல நட்சத்திரத்தன்னிக்கு டாண்ணு வந்துடுவா. மாட்டுப்பொண் வெளிநாட்டுல இருக்காளாம், கோமதின்னு. அவ பேருக்கு அர்ச்சனை. இருபத்துநாலு பிரதட்சிணம் பண்ணுவா. இப்போ ரெண்டு மாசமா முட்டி முடியலைன்னு போன்ல சொல்றா. அதான், பேரும் நட்சத்திரமும் சேர்ந்து வந்ததும் கேட்டுட்டேன்."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மூலம். அவருக்குத் தெரியும். மூல நட்சத்திரத்தன்று. மாதாமாதம். ஐந்தாம் தேதி, ஒன்றாம் தேதி, மாதக் கடைசி. தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?

"அந்த அம்மா பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க" என்றேன்.

"பேஷா பண்ணலாம். பேர்?"

"தையல்நாயகி."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அந்த அம்மா பேரை நான் சொல்லவே இல்லையே, தஞ்சாவூர் மாமி" என்றார். பிறகு, "நட்சத்திரம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருஷம். என் நட்சத்திரம் அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதிலேயே இருந்தவள், அவர் நட்சத்திரம் என்ன என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"உங்களுக்குத் தெரியுங்களா?" என்றேன்.

"அவா தன் பேருக்குப் பண்ணிண்டதே இல்லையே, எனக்கெப்படித் தெரியும்? பரவாயில்லை, சுவாமி பேருக்குப் பண்ணிடறேன்."

6

நகராட்சியில் நகல் தயாராக இருந்தது. "பேர் பதியலீங்க, பெண் குழந்தைன்னு மட்டும்தான் இருக்கு. பேர் சேக்கத் தனியா மனு கொடுக்கணும்" என்றார் அலுவலர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. தேதி தெளிவாக இருந்தது.

வீடு வரும்வரை எனக்குப் பயமும் கோபமும் மாறி மாறி வந்தன. எதற்காகச் செய்தார்? என்னிடமிருந்து தன் மகனைக் காப்பாற்றவா? என் பேரைச் சொல்லி எதையாவது கட்டிப்போட்டாரா? நல்லது என்று நினைக்க மனசு வரவே இல்லை. பழக்கம் அப்படி.

அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து காகிதத்தை அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை.

"செவ்வாக்கிழமைன்னு இருக்கா?" என்றார்.

"எப்பலேருந்து தெரியும் அத்தை?"

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே தெரியும். உன்னைப் பெத்தப்ப உங்க அம்மா படுத்திருந்த வார்டுலதான் எங்க அக்காவும் படுத்திருந்தா. மூலத்துல பொண்ணு பொறந்துடுச்சேன்னு உங்க அம்மா அழுததை எங்க அக்கா சொல்லிக்கிட்டே இருப்பா."

"பின்ன ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"மாமாகிட்ட சொன்னேன். நட்சத்திரம் என்னை என்னடி பண்ணும், வாத்தியார் வீட்டுப் பொண்ணு, நல்லா இருக்குன்னாரு. உங்க அப்பா எங்க மூஞ்சியப் பாக்காமலே ஜாதகத்தை நீட்டினாரு. மாமா பாத்துட்டு வாங்கி பைக்குள்ள வச்சுக்கிட்டாரு, பிரிச்சுக்கூடப் பாக்கல."

ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேசினார்.

"அவரு போனப்ப எனக்குக் கோவம் வந்துச்சு கோமதி. பொய் சொல்ல மாட்டேன். உன் மூஞ்சியில முழிக்கப் புடிக்கல. நீ பிளேன் ஏறுனப்ப, அப்பாடா தொலைஞ்சான்னு நெனச்சேன். அப்புறம் எனக்கே அது நல்லா இல்ல. என் புள்ள உன்கூடத்தானே இருக்கான்? இந்த வயித்தெரிச்சல் உன்னைச் சேந்தா அவனையும்தானே சேரும்? அதான் ஆலங்குடிக்குப் போனேன். கோவம் போகணும்னு உன் பேருக்கே அர்ச்சனை பண்ணேன்."

"போச்சா?"

"எப்பப் போச்சுன்னு தெரியல. போயிக்கிட்டே இருந்தேன். ஒரு நா பாத்தா, நீ குளிச்சியா சாப்பிட்டியான்னு போன் போட்டுக்கிட்டு இருக்கேன்."

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை. எத்தனை வருஷம்!"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். "ஒவ்வொரு தடவை கோயில்ல உத்திராடம்னு சொல்லுவ. இந்தத் தடவையாச்சும் மாத்திச் சொல்லுவாளான்னு விளக்கைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அன்று அவர் நட்சத்திரம் என்ன என்று கேட்கத்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார். பிறகு மூட்டை கட்டுவதில் இரண்டு நாள் ஓடிவிட்டது. உண்மையில் கேட்கக் கூச்சமாக இருந்தது.

7

பெர்கனில் இப்போது எங்கள் சமையலறையில் மன்னார்குடி மளிகைக் கடை கொடுத்த தினசரி நாள்காட்டி தொங்குகிறது. சேகருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கா?" என்று வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கியவர், அவர் அப்பா பிரிக்காமல் பைக்குள் வைத்த ஜாதகத்தைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஓய்வூதிய அலுவலகத்துக்கு நகலை அனுப்பிவிட்டேன். தேதியை ஏற்றுக்கொண்டார்கள், பெயர் இருக்கும் இடத்தில் ஏன் கோடு இருக்கிறது என்று இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. இங்காவிடம் செவ்வாய்க்கிழமை என்று திருத்திச் சொன்னேன். போனில் தட்டிப் பார்த்துவிட்டு, நான் எளிதில் மனிதர்களை நம்பும் சுபாவம் என்று வருவதாகச் சொன்னாள். அருண் சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

நேற்று தாளைக் கிழித்தபோது மூலம் என்று இருந்தது. அத்தை கூப்பிடுவதற்கு முன் நானே கூப்பிட்டேன்.

"என்ன, நீ கூப்புடுற? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்கு மூலம் அத்தை."

"தெரியும். எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?"

"குளிச்சேன். இங்க கோயிலுக்குப் போறேன் சாயங்காலம். உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணணும். உங்க நட்சத்திரம் என்ன அத்தை?"

பேச்சு நின்றது. வலங்கைமான் வரை நான் யோசித்த அதே மௌனம்.

"எதுக்குக் கேக்குற?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தேகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து மூன்று வருஷமாக என் குரலில் இருந்தது அது.

"அர்ச்சனைக்குத்தான் அத்தை. வேற எதுக்கு?"

"ஜாதகத்துல அனுஷம்னு இருக்கும்."

"அனுஷமா? சரி."

"இரு இரு." மூச்சு விடுவது கேட்டது. டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "நெஜத்துல கேட்டை. எங்க அப்பா மாத்தி எழுதினாரு. மாமா வீட்டுல பெரியவரு இருந்தாரில்ல, மூத்த மைத்துனருக்கு ஆகாதுன்னு. அவரு தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்து என் உயிரை வாங்கிட்டுத்தான் போனாரு. மாமாவுக்கே தெரியாது. யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

நான் நாள்காட்டியைப் பார்த்தேன். மூலத்துக்கு முந்தின நாள் கேட்டை. மாதாமாதம் தன் நட்சத்திரத்தை ஒருவரிடமும் சொல்லாமல் கழித்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போய் என்னுடையதைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப நேத்துத்தானே அத்தை உங்க நட்சத்திரம்?"

"ஆமா, நேத்தே போயிடுச்சு" என்றார். "அடுத்த மாசம் மறக்காம பண்ணு. கேட்டைன்னே சொல்லு."